யாருக்கு விசுவாசம்? ஒலிப்பதிவு மென்பொருட்களின் நாற்பது வருடக் கதை



கொஞ்சம் நீண்ட பதிவு. இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

மீலாத் விழாவுக்காக எமது மாணவர்களின் கஸீதா ஒன்றைப் பதிவு செய்ய வேண்டியிருந்தது. உதவிக்கு இரண்டு பழைய மாணவர்களைக் கூப்பிட்டோம். இருவரும் வீட்டிலேயே ஒலிப்பதிவு செய்பவர்கள். ஒருவர் எப்.எல். ஸ்டூடியோ பாவிப்பவர், மற்றவர் கியூபேஸ். மைக் பூட்டுவதற்கு முன்பே வாக்குவாதம் தொடங்கிவிட்டது. "அது சின்னப் பிள்ளைகள் விளையாடுற சாமான்" என்றார் ஒருவர். "உங்கட சாமான் கிழவன்மாருக்கு" என்றார் மற்றவர். நாம் சிரித்துக்கொண்டு பார்த்திருந்தோம். ஆனால் பேச்சு முற்றி, ஒருவர் வயரைச் சுற்றி எடுத்துக்கொண்டு வீட்டுக்கே போய்விட்டார். இரண்டு வாரம் இருவரும் பேசவில்லை. ஒரே வாங்கில் இருந்து படித்த பிள்ளைகள்.

அதே நாட்களில் இன்னொரு விடயமும் நடந்தது. எமது முன்னாள் அதிபர் மர்ஹூம் அவர்கள் பாடசாலையின் வரலாற்றைத் தன் வாயாலேயே சொல்லிய ஒலிப்பதிவு ஒன்று எம்மிடம் இருந்தது. விழாவில் போடலாம் என்று பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தேடி எடுத்தோம். பைல் இருந்தது. ஆனால் அது எந்த மென்பொருளில் செய்யப்பட்டதோ அந்த மென்பொருள் இப்போது எவரிடமும் இல்லை. இரண்டு தடவை சொடுக்கினால், இதை எதனால் திறப்பது என்று கணனி எம்மிடமே கேட்டது.

இந்த இரண்டு சம்பவங்களும் ஒன்றுக்கொன்று தொடர்புடையவை என்பது பிறகுதான் எமக்கு விளங்கியது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதலில் ஒன்று. இசை கூடுமா கூடாதா என்ற மஸ்அலாவை நாம் இங்கே திறக்கவில்லை. அதை உலமாக்களிடம் கேளுங்கள். கிராஅத், பயான், வாத்தியமில்லாத கஸீதா, வானொலி நாடகம் எல்லாமே இன்று இதே மென்பொருட்களில்தான் பதிவாகின்றன. ஆகவே இந்தக் கதை எல்லோருக்கும் உரியது.

*போட்டியாளர்கள் கைகோர்த்த வருடம்*

எழுபதுகளின் இறுதியில் மின்னிசைக் கருவி செய்யும் கம்பனிகள் பலவும் தத்தமக்கென்று ஓர் இணைப்பு முறை வைத்திருந்தன. ஒரு கம்பனியின் கீபோர்ட்டை வாங்கியவர் அதோடு பூட்டும் மற்றப் பெட்டியையும் அந்தக் கம்பனியிடமே வாங்க வேண்டிய நிலை. இதை மாற்ற இரண்டு பேர் முன்வந்தார்கள். ஒருவர் ஜப்பானின் ரோலண்ட் கம்பனியை நிறுவிய இகுதாரோ ககேஹாஷி. மற்றவர் கலிபோர்னியாவில் சீக்குவென்ஷல் சேர்க்கிட்ஸ் என்ற சிறிய கம்பனியை நடத்திய டேவ் ஸ்மித். இருவரும் வியாபாரத்தில் போட்டியாளர்கள்.

1983 ஜனவரியில் அமெரிக்காவில் நடந்த இசைக் கருவி வியாபாரிகளின் கண்காட்சியில் இந்த இரண்டு கம்பனிகளின் கீபோர்ட்களையும் ஒரு வயரால் இணைத்தார்கள். ஒன்றில் கட்டையை அழுத்த மற்றது ஒலித்தது. அதுதான் மிடி. அந்த வயரில் போவது ஒலி அல்ல. எந்தக் கட்டை, எவ்வளவு அழுத்தமாக, எப்போது அழுத்தப்பட்டது என்ற செய்தி மட்டுமே போகும். இதைப் பாவிக்க எவரும் எவருக்கும் காசு கட்டத் தேவையில்லை என்று விட்டுவிட்டார்கள். முப்பது வருடம் கழித்து, 2013இல், இருவருக்கும் இதற்காகத் தொழில்நுட்பத்துக்கான கிராமி விருது கிடைத்தது. மிடி இன்றும் உயிரோடு இருக்கிறது. அதைக் காட்டிய இரண்டு கம்பனிகளில் ஒன்றான சீக்குவென்ஷல் சேர்க்கிட்ஸ் அதற்குப் பிறகு சில வருடங்களே தாக்குப்பிடித்தது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் திரும்பி வருவோம்.

*ஒரே நகரத்தில் இரண்டு முகாம்கள்*

1985இல் அட்டாரி எஸ்.டி. என்ற கணனி வந்தது. ஆயிரம் டொலருக்குள் விலை. மிடி வயரை நேரே செருகும் துளைகள் அதன் உடம்பிலேயே இருந்தன. வீட்டில் இருந்து இசை செய்ய ஆசைப்பட்டவர்களுக்கு, முக்கியமாக ஐரோப்பாவில், அதுவே கணனியாகிப் போனது.

அந்தக் கணனிக்கு மென்பொருள் செய்த இரண்டு முக்கிய கம்பனிகளும் ஜேர்மனியின் ஹம்பேர்க் பக்கத்தில்தான் இருந்தன. ஒன்று, 1984இல் சார்லி ஸ்டைன்பேர்க்கும் மன்பிரெட் ரூரப்பும் தொடங்கிய ஸ்டைன்பேர்க். அவர்கள் 1989இல் கியூபேஸை வெளியிட்டார்கள். காலம் இடமிருந்து வலமாக ஓட, பதிவுகள் நீளமான கட்டங்களாகத் திரையில் வரிசையாகக் கிடக்கும் அமைப்பு அதில்தான் பிரபலமானது. இன்று எந்த ஒலிப்பதிவு மென்பொருளைத் திறந்தாலும் ஏறக்குறைய அந்தத் திரையைத்தான் பார்க்கிறோம். மற்றது சி-லாப். அவர்களுடைய மென்பொருள் நொட்டேட்டர். அதைச் செய்தவர்கள் பிறகு ஈமேஜிக் என்ற கம்பனியைத் தொடங்கி லொஜிக் என்ற மென்பொருளை உருவாக்கினார்கள்.

கியூபேஸ்காரர், நொட்டேட்டர்காரர் என்று மக்கள் இரண்டாகப் பிரிந்தது இங்கேதான். ஏன் பிரிந்தார்கள் என்று யோசித்தால், அது வெறும் முட்டாள்தனம் அல்ல என்று விளங்கும். மென்பொருள் விலை அதிகம். ஒன்றை வாங்கியவருக்கு மற்றதையும் வாங்க வசதியில்லை. இரண்டுமே ஒரு சிறிய பூட்டுப் பெட்டியைக் கணனியின் பக்கத்தில் செருகினால்தான் ஓடும். ஒன்றைப் பழகி, விரல்கள் தானாக ஓடும் நிலைக்கு வர மாதக் கணக்கில் ஆகும். அதுவரை செய்த வேலையெல்லாம் அந்த மென்பொருளின் சொந்தப் பைல் வடிவத்தில் கிடக்கும். சந்தேகம் வந்தால் கேட்க இருக்கும் நண்பனும் அதையே பாவிப்பவன்.

இவ்வளவையும் கொடுத்தவர் அந்த மென்பொருளைக் குறை சொன்னால் கோபப்படுவார்தானே. தன் உழைப்பைக் குறை சொன்னதாகத்தான் அவர் எடுத்துக்கொள்வார். இந்த ஒரு விடயத்தை விளங்கிக்கொண்டால், நாற்பது வருடமாக நடக்கும் இந்தச் சண்டையின் பாதி விளங்கிவிடும்.

*2002 ஜூலை*

மீதிப் பாதி இனி வருகிறது.

தொண்ணூறுகளில் அட்டாரி மறைந்தது. லொஜிக், அப்பிள் கணனிக்கும் விண்டோஸ் கணனிக்கும் வந்தது. விண்டோஸில் லொஜிக் பாவித்தவர்கள் தமது மென்பொருளுக்காக மற்றவர்களோடு மல்லுக்கட்டினார்கள், புதியவர்களுக்கு வலியப் போய்ச் சொல்லிக்கொடுத்தார்கள்.

2002 ஜூலை 1ஆம் திகதி அப்பிள் கம்பனி ஈமேஜிக்கை வாங்கியதாக அறிவித்தது. அதே அறிக்கையில் இன்னொரு செய்தியும் இருந்தது. விண்டோஸ் பதிப்பு செப்டம்பர் 30ஆம் திகதியோடு நிறுத்தப்படும். ஈமேஜிக்கின் வருமானத்தில் 65 சதவீதத்துக்கு மேல் அப்பிள் கணனிக்காரர்களிடமிருந்தே வருகிறது என்றும் அதில் சொன்னார்கள்.

கம்பனியின் கணக்கு சரிதான். ஆனால் மிச்சம் இருந்தவர்களும் மனிதர்கள். வருடக் கணக்கில் ஒரு பெயருக்காக வாதாடியவர்களுக்குக் கிடைத்தது மூன்று மாத அவகாசம். புதிய கணனி வாங்குவது, அல்லது நேற்றுவரை திட்டிய மென்பொருளை முதலாம் பாடத்திலிருந்து படிப்பது, அல்லது பழைய பதிப்பிலேயே எவ்வளவு காலம் ஓடுமோ அவ்வளவு காலம் ஓட்டுவது. வேறு வழி இருக்கவில்லை. விசுவாசம் ஒரு பக்கம் மட்டும் இருந்தது என்று அன்றைக்கு அவர்களுக்குத் தெரிந்தது.

*"பெரியவர்களின்" மென்பொருளும் "விளையாட்டுச் சாமானும்"*

கலிபோர்னியாவின் டிஜிடிசைன் கம்பனி 1991இல் புரோ டூல்ஸை வெளியிட்டது. தொடக்கத்தில் நான்கு தடங்கள்தான். விலை சுமார் 6,000 டொலர். 1995இல் அவிட் கம்பனியின் கைக்குப் போனது. பெரிய ஸ்டூடியோக்கள் அதை எடுத்துக்கொண்டதால், "புரோ டூல்ஸ் இல்லாவிட்டால் தொழில்காரர் இல்லை" என்ற பேச்சு உருவானது. 2010 நவம்பரில் 9ஆம் பதிப்பு வரும்வரை, அந்தக் கம்பனிக் குடும்பத்தின் கருவியைப் பூட்டினால்தான் அது ஓடும். மென்பொருளை வாங்கினால் பெட்டியையும் வாங்க வேண்டும். மிடி வருவதற்கு முன்பிருந்த அதே பழைய பாடம்.

மறுபக்கம் பெல்ஜியத்தில் இமேஜ்-லைன் என்ற சிறிய கம்பனி. அங்கே டிடியர் டம்ப்ரின் என்பவர் தொண்ணூறுகளின் இறுதியில் புரூட்டி லூப்ஸ் என்றொரு மென்பொருளைச் செய்தார். கட்டங்களை நிரப்பித் தாளம் அமைக்கும் எளிய கருவி. பெயரும் பழச்சாறு விளம்பரம் போல இருந்ததால் பலர் சிரித்தார்கள். அமெரிக்காவில் கெலொக்ஸ் கம்பனியின் காலைத் தானிய உணவின் பெயரோடு ஒத்திருந்த சிக்கலும் சேர்ந்து, 2003இல் அது எப்.எல். ஸ்டூடியோ ஆனது.

அவர்கள் ஒரு வாக்குக் கொடுத்தார்கள். ஒருமுறை காசு கொடுத்து வாங்கினால் வாழ்நாள் முழுவதும் புதிய பதிப்புகள் இலவசம். இன்றுவரை அதைக் காப்பாற்றி வருகிறார்கள். விலையும் குறைவு, சாதாரண விண்டோஸ் கணனியும் போதும் என்பதால் வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளின் கைக்கு அது போனது. நெதர்லாந்தின் மார்ட்டின் கேரிக்ஸ் 2013இல் உலகப் புகழ் பெற்றபோது வயது 17. அவர் பாவித்தது அந்த "விளையாட்டுச் சாமான்"தான்.

ஆகவே "உன்னுடையது விளையாட்டுச் சாமான்" என்ற பேச்சில் தொழில்நுட்பம் குறைவு, அந்தஸ்து அதிகம். யாரிடம் 6,000 டொலர் இருந்தது, யாரிடம் இருக்கவில்லை என்பதைத்தான் அது வேறு வார்த்தையில் சொல்கிறது. எமது வகுப்பறைகளிலும் இது உண்டு. சப்பாத்தின் பெயரைப் பார்த்துப் பிள்ளையை அளக்கிறார்கள்.

*ஒலி உண்மையில் வித்தியாசமா?*

"எங்கள் மென்பொருளில் ஒலி இதமாக இருக்கும், உங்களுடையதில் தட்டையாக இருக்கும்." இந்த வாதம் நாற்பது வருடச் சண்டையில் மிகவும் பிடிவாதமானது. இதைச் சோதிக்க ஒரு நேர்மையான வழி இருக்கிறது. வகுப்பு எட்டுக் கணிதம் போதும்.

கணனிக்குள் ஒலி என்பது எண்களின் வரிசை. சீடியில் ஒரு செக்கனுக்கு 44,100 எண்கள். பல தடங்களைச் சேர்ப்பது என்றால் அந்த எண்களைக் கூட்டுவது. ஒரே பதிவுகளை, ஒரே அளவில் வைத்து, இரண்டு மென்பொருட்களில் தனித்தனியாகக் கலந்து எடுங்கள். பிறகு ஒன்றின் குறியை மாற்றுங்கள், அதாவது +5 இருந்த இடத்தில் -5. இரண்டையும் கூட்டுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் விடை பூச்சியம், கேட்பது மௌனம். இந்தச் சோதனையைப் பலர் பலமுறை செய்திருக்கிறார்கள். அமைப்புகள் சரியாக ஒத்திருந்தால் காதுக்கு எட்டும் எதுவும் மிஞ்சுவதில்லை.

அப்படியானால் வித்தியாசம் கேட்டது என்றவர்கள் பொய்யர்களா? இல்லை. நடுவில் வைத்த ஒலியை எவ்வளவு தாழ்த்துவது என்ற விதி மென்பொருளுக்கு மென்பொருள் வேறு. ஒன்று 3 டெசிபல் தாழ்த்தும், இன்னொன்று தாழ்த்தாது. அதனால் ஒன்று சற்றுச் சத்தமாக வரும். சத்தமாக இருப்பதை எமது காது நல்லது என்று எடுத்துக்கொள்ளும். கூடவே வரும் எதிரொலி போன்ற கருவிகளும் வேறு வேறு. மனிதர்கள் கேட்டது உண்மை, சொன்ன காரணம் பிழை. சோதிக்காமல் சொன்னதும், சொன்ன பிறகு கௌரவத்துக்காக விடாப்பிடியாக நின்றதும்தான் குற்றம்.

*"வாழ்நாள்" என்ற வார்த்தை*

இந்த வரலாற்றில் எமக்கு மிகவும் கவலை தந்த கதை கேக்வோக்கினுடையது.

1987இல் அமெரிக்காவின் பொஸ்டன் பக்கத்தில் கிரெக் ஹென்டர்ஷொட் தொடங்கிய கம்பனி அது. பிறகு அவர்களுடைய மென்பொருளுக்கு சோனார் என்று பெயர் வந்தது. விண்டோஸ் கணனிக்காரர்களின் செல்லப் பிள்ளை. 2002இல் லொஜிக்கை இழந்து நின்றவர்களில் சிலர் வந்து சேர்ந்ததும் இங்கேதான். 2013இல் கிப்சன் என்ற நூறு வருடப் பழைமையான கிட்டார் கம்பனி இதை வாங்கியது.

இங்கே ஒரு பழைய கதை இருக்கிறது. ஓப்கோட் என்றொரு கம்பனி இருந்தது. மிடியையும் ஒலிப்பதிவையும் ஒரே மென்பொருளில் முதலில் சேர்த்து 1990இல் விற்பனைக்குக் கொண்டுவந்தவர்கள் அவர்கள். 1998இல் அவர்களையும் இதே கிப்சன்தான் வாங்கியது. அடுத்த வருடமே வேலை நின்றது. மென்பொருள் மெல்ல மெல்லச் செத்தது. இதை ஞாபகம் வைத்திருந்த பழையவர்கள் 2013இலேயே பயந்தார்கள். "எங்கள் கம்பனியைப் பற்றி ஏன் கெட்ட வாயால் பேசுகிறீர்கள்" என்ற தொனியிலேயே மற்றவர்கள் அவர்களை அடக்கினார்கள்.

2016இல் சோனார் வாங்குபவர்களுக்கு வாழ்நாள் இலவசப் புதுப்பிப்பு என்று அறிவித்தார்கள். நம்பிப் பலர் காசு கட்டினார்கள். 2017 நவம்பரில் கிப்சன் கேக்வோக்கின் வேலைகளை நிறுத்துவதாக அறிவித்தது. வாழ்நாள் என்றது யாருடைய வாழ்நாள் என்று அப்போதுதான் விளங்கியது. 2018 மேயில் கிப்சனே வங்குரோத்து நீதிமன்றத்துக்குப் போனது.

அதற்கு முன்பே, 2018 பெப்ரவரியில், சிங்கப்பூரின் பேண்ட்லாப் கம்பனி கேக்வோக்கை வாங்கி, சில வாரங்களில் அதை இலவசமாகவே வெளியிட்டது. பாவனையாளர்கள் மகிழ்ந்தார்கள். 2023இல் அந்த இலவசப் பதிப்புக்குப் பதிலாகப் புதிய சோனார் வரும் என்ற அறிவித்தலும் வந்தது. ஒரே மென்பொருள், நான்கு கைகள், ஒவ்வொரு தடவையும் புதிய வாக்கு.

இவ்வளவுக்கும் நடுவில் மாறாமல் இருந்தது ஒன்றுதான். முன்பின் தெரியாத ஒருவர் இரவு ஒரு மணிக்கு "இது ஏன் வேலை செய்யவில்லை" என்று கேட்டால், வேறு நாட்டில் இருக்கும் இன்னொருவர் காசு வாங்காமல் உட்கார்ந்து விளங்கப்படுத்துவார். கம்பனி மூடப்பட்ட மாதங்களிலும் அது நடந்தது. மக்கள் மென்பொருளை நேசிப்பதாக நினைத்தார்கள். உண்மையில் அவர்களுக்கு உதவியவர்கள் சக மனிதர்கள்.

*எமக்கு நெருக்கமான ஒன்று*

எமது ஊர்ப் பள்ளிவாசல்களிலும் மத்ரஸாக்களிலும் பயான் பதிவுக்குப் பாவிக்கும் ஓடாசிட்டி பலருக்குத் தெரியும். 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் இருந்து வெளிவந்த இலவச மென்பொருள். அதன் மூல நிரல் எல்லோருக்கும் திறந்தது. எவரும் எடுக்கலாம், திருத்தலாம்.

2021இல் மியூஸ் குரூப் அதைப் பொறுப்பேற்றது. பாவனைத் தகவல்களைச் சேகரிக்கும் திட்டம் ஒன்று முன்வைக்கப்பட்டதும் எதிர்ப்புக் கிளம்பியது, அது கைவிடப்பட்டது. ஜூலையில் வந்த தனியுரிமை அறிவித்தல் 13 வயதுக்குக் குறைந்தவர்கள் பாவிக்கக் கூடாது என்பது போல் எழுதப்பட்டிருந்ததால் மீண்டும் கோபம். "உளவு மென்பொருள்" என்றே சிலர் கத்தினார்கள். அது மிகைதான். ஆனால் அறிவித்தல் திருத்தி எழுதப்பட்டது. சிலர் மூல நிரலை எடுத்து டெனாசிட்டி என்ற பெயரில் தனி மென்பொருளே தொடங்கினார்கள்.

கேக்வோக் காரர்களால் செய்ய முடியாமல் போனதை இவர்களால் செய்ய முடிந்தது ஏன்? சாவி பாவனையாளர் கையிலும் இருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

*எமது பாடம்*

கண்ணை மூடிக்கொண்டு தன் கூட்டத்தின் பக்கம் நிற்பதை அஸபிய்யத் என்கிறோம். கோத்திரத்துக்கும் ஊருக்கும் மட்டும்தான் அது என்று நினைக்கிறோம். ஒரு கம்பனியின் பெயருக்காக ஒரே வாங்கில் இருந்த நண்பனோடு இரண்டு வாரம் பேசாமல் இருப்பதற்கு வேறு என்ன பெயர் வைப்பது? அந்தக் கம்பனி நாளை விற்கப்படும்போது எம்மிடம் மஷூரா கேட்கப்போவதில்லை.

அதற்காக எதையும் ஆழமாகப் பழகாமல் தாவிக்கொண்டிருங்கள் என்று நாம் சொல்லவில்லை. ஒன்றைத் தெரிவு செய்யுங்கள், நன்றாகப் பழகுங்கள். ஆனால் வேலை முடிந்ததும் ஒவ்வொரு தடத்தையும் தனித்தனியாக, எல்லாம் ஒரே தொடக்கப் புள்ளியிலிருந்து, வேவ் பைலாக எடுத்து வையுங்கள். 1991இல் வந்த வடிவம் அது, எங்கும் திறக்கும். மிடி இருந்தால் மிடி பைலாகவும் எடுங்கள். என்ன வேகம், யார் குரல், எந்தத் திகதி என்று ஒரு சாதாரண எழுத்துப் பைலில் குறித்து வையுங்கள். இரண்டு இடத்தில் பிரதி வையுங்கள். அதற்குப் பிறகு எந்தக் கம்பனி இருந்தால் என்ன, போனால் என்ன.

மர்ஹூம் அதிபரின் பதிவுக்கு வருவோம். திறக்க முடியாத அந்தப் பைலுக்குப் பக்கத்தில் ஒரு போல்டர் இருந்தது. அதற்குள் பெயரில்லாத, எண் மட்டும் இட்ட நாற்பத்தொரு வேவ் துண்டுகள். பேசிய வரிசை எங்கும் எழுதியிருக்கவில்லை. சண்டை பிடித்த அந்த இரண்டு மாணவர்களையும் ஒரே மேசையில் இருத்தினோம். ஒருவர் கியூபேஸில், மற்றவர் எப்.எல். ஸ்டூடியோவில். துண்டு துண்டாகக் கேட்டு, எந்த வாக்கியம் எதற்குப் பிறகு வரும் என்று எமது மூத்த ஆசிரியர் ஒருவரிடம் விசாரித்து, மூன்று இரவில் ஒட்டி முடித்தார்கள். ஒருவர் சுத்தம் செய்த துண்டை மற்றவர் கணனி எந்த மறுப்பும் இல்லாமல் எடுத்துக்கொண்டது.

இரண்டு இடத்தில் இன்னும் இடைவெளி இருக்கிறது. அந்தத் துண்டுகள் கிடைக்கவில்லை. அந்தக் காலத்தில் அந்தப் பதிவில் உதவிய எவராவது இதை வாசித்தால், உங்கள் பழைய டிஸ்க்குகளை ஒருமுறை பாருங்கள். இன்ஷா அல்லாஹ் கிடைக்கலாம்.

உங்கள் வீட்டிலும் வாப்பாவின் குரல், உம்மம்மாவின் குரல் ஏதாவது ஒரு பைலில் பூட்டுப்பட்டுக் கிடக்கலாம். இன்றே திறந்து பாருங்கள். திறக்காவிட்டால் பாடசாலைக்குக் கொண்டு வாருங்கள். இரண்டு மாணவர்களும் உதவத் தயார். இப்போது இருவரும் பேசுகிறார்கள், அல்ஹம்துலில்லாஹ்.